போர்த் திரைப்படங்களில் படைவீரர் உணவு: பங்கீட்டுக் கணக்கும் காட்சிமொழியும்

ஆய்வுச்சுருக்கம்

போர்த் திரைப்படங்களில் படைவீரர் உண்ணும் காட்சிகள் பார்வையாளர் நினைவில் நெடுநாள் நிற்பவை. எனினும் அவை சண்டைக் காட்சிகளுக்கு இடையில் அமையும் இளைப்பாறல்களாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. படைவீரர் உணவு என்பது அரசு அளந்து வழங்கும் பங்கீடு. எத்தனை பேருக்கு, எவ்வளவு, எத்தரத்தில், யார் கையால் என்னும் கணக்கு அதனுள் அடங்கியுள்ளது. 1925 முதல் 1959 வரை வெளிவந்த ஆறு திரைப்படங்களை எடுத்துக்கொண்டு, அக்கணக்கு பிழைபடும் தருணங்களையே இயக்குநர்கள் உணவுக் காட்சிகளாக்கினர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அளவு, தரம், பகிர்வு, படிநிலை, மறுப்பு, விடுபாடு என்னும் ஆறு நிலைகளில் ஆய்வு அமைகிறது.

திறவுச்சொற்கள்: படைவீரர் உணவு, பங்கீடு, போர்த் திரைப்படம், காட்சிமொழி, போர்க்கைதிகள், சயாம் மரண ரயில்

முன்னுரை

பெரும்படையைக் களத்தில் நிறுத்தும் அரசு, அப்படைக்கு நாள்தோறும் உணவளிக்கும் பொறுப்பையும் ஏற்கிறது. தமிழ்ப் புறத்திணை மரபு இப்பொறுப்பை நன்கறியும். தொல்காப்பியம் வஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகப் பெருஞ்சோற்று நிலையை வைத்துள்ளது. போருக்குச் செல்லும் வீரர்க்கு வேந்தன் சோறளிப்பது அங்குக் கொடையாகவும் உறவாகவும் அமைகிறது. உண்ட சோற்றுக்கு உயிர் கொடுத்து ஈடு செய்தலைச் செஞ்சோற்றுக் கடன் எனத் தமிழ் வழக்குக் குறிக்கிறது. இவ்வழக்கில் கடன்பட்டவன் வீரன். கடன் கொடுத்தவன் வேந்தன்.

கட்டாய ஆள்சேர்ப்பால் உருவான இருபதாம் நூற்றாண்டுப் படைகளில் இவ்வுறவு வேறுவகையாக மாறியது. இலட்சக்கணக்கானோரை அவர்தம் வீடுகளிலிருந்து எடுத்துச் சென்ற அரசு, அவர்களுக்குரிய உணவை எடையாலும் எண்ணாலும் வரையறுத்தது. அவ்வரையறை அரசு வீரனுக்குத் தரவேண்டிய கடனாயிற்று. அக்கடன் தீர்க்கப்பட்டதா என்னும் வினாவைப் போர்த் திரைப்படங்கள் தொடர்ந்து எழுப்பி வந்துள்ளன. போர் சரியா தவறா என்று மாந்தர் உரையாடும் காட்சிகளைவிடத் தட்டும் கலயமும் இடம்பெறும் காட்சிகளில் அவ்வினா கூர்மை பெறுகிறது.

அளந்து கொடுக்கும் உணவு: வரலாற்றுப் பின்புலம்

படை உணவின் வரலாறு பெரிதும் பாதுகாத்தல், கொண்டுசெல்லுதல் என்னும் இரு சிக்கல்களின் வரலாறாகும். பிரான்சைச் சேர்ந்த நிக்கொலா அப்பேர், கண்ணாடிக் குடுவைகளில் உணவை அடைத்துக் காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் சூடேற்றிக் கெடாமற் காக்கும் முறையைக் கண்டறிந்தார். 1810ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு இதற்காக அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கலன்களைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளிலேயே தகர டப்பா இறைச்சி ஆங்கிலேயக் கடற்படைக்குச் சென்று சேர்ந்தது. அறுவடைப் பருவத்தையும் உள்ளூர்ச் சந்தையையும் எதிர்பாராமல் படை நகர்வதற்கு இக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது.

முதல் உலகப்போர்த் தொடக்கத்தில் களத்திலிருந்த ஆங்கிலேய வீரனுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் பவுண்டு இறைச்சி, ஒன்றேகால் பவுண்டு ரொட்டி, 4 அவுன்சு பன்றி இறைச்சி, 3 அவுன்சு பாலாடைக்கட்டி என உணவு அளவு வகுக்கப்பட்டிருந்தது. பசிய இறைச்சி கிடைக்காதவிடத்து டப்பா இறைச்சியும், ரொட்டி கிடைக்காதவிடத்துக் கடின பிஸ்கட்டும் ஈடாகக் குறிக்கப்பட்டன. செருமானியப் படையில் குதிரைகள் இழுத்துச் செல்லும் களச் சமையல் வண்டி பயன்பட்டது. அதன் புகைபோக்கியின் தோற்றத்தைக் கண்ட வீரர்கள் அதனைக் 'கூலாஷ் பீரங்கி' என்று பகடியாக அழைத்தனர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் உருவாக்கத்தில் பங்கேற்ற 'கே' பங்கீடு, ஒரு நாளின் மூன்று வேளைக்கும் மூன்று சிறு பெட்டிகளாக அமைந்தது. இவ்வாறு வீரனின் வயிறு அட்டவணைக்குள் வந்தது.

அட்டவணைக்கும் தட்டுக்கும் இடையில் தொலைவு உண்டு. வண்டி வராமற் போகலாம், இறைச்சி கெட்டுப்போகலாம், வழியிலேயே ஒருவர் எடுத்துக்கொள்ளலாம், உண்ண வேண்டியவர் இறந்திருக்கலாம். திரைப்படம் இத்தொலைவில்தான் தன் கதையைக் கண்டெடுக்கிறது. திரைக்கு மணமும் சுவையும் இல்லை. ஆதலின் உணவைப் பற்றி அது சொல்ல விரும்புவதை முகம், கை, கலயம், வரிசை, வெற்றிடம் ஆகியவற்றால் மட்டுமே சொல்ல இயலும். இக்குறையே கணக்கைக் காட்டுவதற்கு ஏற்ற கருவியாகவும் அமைந்துவிடுகிறது.

அளவு: நூற்றைம்பது பேருக்குச் சமைத்த உணவு

எரிக் மரியா ரெமார்க்கின் புதினத்தை அடிப்படையாகக் கொண்டு லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய 'ஆல் குவையட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் உலகப்போரில் பள்ளி வகுப்பறையிலிருந்து நேரே படைக்குச் செல்லும் செருமானிய இளைஞர்களின் கதை இது. சிறந்த படத்துக்கும் இயக்கத்துக்குமான அகாதெமி விருதுகளை இது பெற்றது.

புதினம் ஓர் உணவு நிகழ்ச்சியோடு தொடங்குகிறது. முன்னணியிலிருந்து திரும்பிய படைப்பிரிவு களச் சமையல் வண்டிமுன் வரிசையில் நிற்கிறது. அண்டாவில் மாட்டிறைச்சியும் அவரை விதையும் நிறைந்துள்ளன. சமையற்காரர் 150 பேருக்குச் சமைத்துள்ளார். வந்திருப்பவரோ 80 பேர். தமக்கு வந்த ஆணை 150 பேருக்கு எனவும், 80 பேருக்கு 80 பங்குதான் தரமுடியும் எனவும் அவர் வாதிடுகிறார். மற்றவர்கள் எங்கே என்னும் வினாவுக்கு விடை எல்லோருக்கும் தெரியும். இறுதியில் படைப்பிரிவின் தலைவர் வந்து அனைத்தையும் பரிமாற ஆணையிடுகிறார்.

திரைப்படமும் இந்நிகழ்ச்சியின் சாரத்தைக் காக்கிறது. இக்காட்சியின் வலிமை, களிப்பும் துயரும் ஒரே செய்தியிலிருந்து பிறப்பதில் உள்ளது. உயிர் பிழைத்தவர்க்கு இருமடங்கு உணவு கிடைக்கிறது. அந்த இருமடங்கு இறந்தவர்களின் பங்கு. வீரர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். ஆயினும் பசித்திருக்கிறார்கள், உண்கிறார்கள். திரைப்படம் அவர்களைப் பழிப்பதில்லை. சமையற்காரரின் பிடிவாதமும் கொடுமை என்று கொள்ளத்தக்கதன்று. அவர் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவர். பட்டியல் காலையில் எழுதப்பட்டது. பட்டியலில் உள்ளவர்கள் பகலில் இறந்தார்கள். எழுதப்பட்ட எண்ணுக்கும் நிற்கும் எண்ணுக்கும் இடையிலான 70 என்னும் வேறுபாடு, போரின் இழப்பை எந்தப் போர்க்களக் காட்சியும் காட்டவியலாத அளவு தெளிவாகக் காட்டுகிறது. வயிறு நிறைய உண்ட பின்னரே வீரர்கள் புல்வெளியில் சாய்ந்து, இப்போர் எதனால் தொடங்கியது என்று பேசத் தொடங்குகின்றனர். நிறைந்த வயிறே வினா எழுப்புவதற்கு ஓய்வு தருகிறது என்பதை இவ்வடுக்கு முறை உணர்த்துகிறது.

இத்திரைப்படத்தின் முற்பகுதியில் இதற்கு மறுதலையான காட்சி உள்ளது. புதிதாக வந்த இளைஞர்கள் பசியோடு காத்திருக்க, மூத்த வீரரான காட் எங்கிருந்தோ கவர்ந்த பன்றியைத் தோளில் சுமந்து வருகிறார். உணவுக்கு ஈடாகப் புதியவர்கள் தம்மிடமுள்ள சிகரெட், சவர்க்காரம் முதலியவற்றைத் தருகின்றனர். அரசின் பங்கீடு வந்து சேராத இடத்தில் திருட்டும் பண்டமாற்றும் உணவு வழங்கும் முறையாகின்றன. பள்ளியில் நாட்டுப்பற்றைக் கற்ற இளைஞர்கள் களத்தில் கற்கும் முதற்பாடம் உணவு தேடுதலாக அமைவது குறிப்பிடத்தக்கது.

தரம்: புழுத்த இறைச்சி

1905ஆம் ஆண்டு சூன் மாதத்தில் உருசியாவின் கருங்கடற் படையைச் சேர்ந்த பொட்டெம்கின் போர்க்கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தனர். உருசிய-சப்பானியப் போரில் உருசியக் கடற்படை சூஷிமாவில் பெருந்தோல்வி கண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. கலகத்தின் உடனடிக் காரணம் கெட்டுப்போன இறைச்சி. செர்கேய் ஐசன்ஸ்டைன் 1925ஆம் ஆண்டில் இயக்கிய 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' இந்நிகழ்ச்சியை ஐந்து பகுதிகளாகக் கூறுகிறது. முதற்பகுதியின் பெயரே மனிதரையும் புழுக்களையும் இணைத்துக் கூறுவதாகும்.

தொங்கும் இறைச்சித் துண்டத்தை மாலுமிகள் சூழ்ந்து நிற்கின்றனர். கப்பல் மருத்துவர் அழைக்கப்படுகிறார். அவர் தம் மூக்குக்கண்ணாடியை மடித்து உருப்பெருக்கியாகப் பிடித்து இறைச்சியை நோக்குகிறார். அக்கண்ணாடிவழியே புழுக்கள் நெளிவதைப் பார்வையாளரும் காண்கின்றனர். எனினும் அவர் இவை புழுக்கள் அல்ல என்றும், உப்புநீரில் கழுவினால் போதும் என்றும் தீர்ப்பளிக்கிறார். கண்முன் உள்ள ஒன்றை அலுவல்முறைச் சொல்லால் இல்லையென்று ஆக்கும் அதிகாரம் இங்கு வெளிப்படுகிறது. அறிவியலுக்குரிய கருவி காண்பதற்குப் பயன்படாமல் மறைப்பதற்குப் பயன்படுகிறது. பின்னர்க் கலகத்தின்போது மருத்துவர் கடலில் வீசப்பட, அதே மூக்குக்கண்ணாடி கப்பற் கயிற்றில் சிக்கித் தொங்குகிறது.

மாலுமிகள் அவ்விறைச்சியால் ஆன போர்ஷ் சாற்றை உண்ண மறுக்கின்றனர். உலர்ந்த ரொட்டியை உண்கின்றனர். கப்பற் கடையில் தம் காசு கொடுத்து டப்பா உணவு வாங்குகின்றனர். மேசைகள் வெறுமையாக ஊசலாடுகின்றன. பாத்திரம் கழுவும் இளம் மாலுமி ஒருவன், அன்றாட உணவை வேண்டும் கிறித்தவ மன்றாட்டு பொறிக்கப்பட்ட தட்டைக் காண்கிறான். அத்தொடரைப் படித்தவன் தட்டை ஓங்கி உடைக்கிறான். நொடிப்பொழுதில் முடியும் அச்செயலைப் பல கோணங்களில் எடுத்த துண்டுகளாக்கி, காலத்தை நீட்டித் தொகுத்துள்ளார் ஐசன்ஸ்டைன். படத்தொகுப்புக் கலையைக் கற்போர் இன்றும் பயிலும் பகுதி இது. கலகம் துப்பாக்கியால் தொடங்குவதற்கு முன்பே தட்டால் தொடங்கிவிடுகிறது.

கலகத்தின் தலைவனாகிய வக்குலின்சுக் கொல்லப்பட்டு, அவன் உடல் ஒதேசாத் துறைமுகத்தில் கிடத்தப்படுகிறது. ஒரு கரண்டிச் சாற்றுக்காக மாண்டவன் என்னும் பொருள்பட எழுதிய தாள் அவன்மீது வைக்கப்பட்டுள்ளது. உணவின் தரம் பற்றிய முறையீடு அரசின் தரம் பற்றிய முறையீடாக விரிவதை இத்தாள் காட்டுகிறது. மாலுமிகள் கேட்டது பேருணவன்று, உண்ணத்தக்க உணவு. அதனை மறுத்த அரசு, அவர்களை மனிதராக எண்ணவில்லை என்பதே திரைப்படத்தின் வாதம்.

பகிர்வு: கைதிகளின் மேசை

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகள், போர்க்கைதிகளுக்கு அவர்களைச் சிறைப்பிடித்த அரசின் படையினருக்கு இணையான உணவு தரப்படவேண்டும் என்றன. முதல் உலகப்போரில் இவ்விதி எதிர்பாராத விளைவைத் தந்தது. ஆங்கிலேயக் கடற்படையின் முற்றுகையால் செருமனியில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்தது. 1916-17ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் இன்றி, கால்நடைத் தீவனமாகிய டர்னிப் வகைக் கிழங்கை மக்கள் உண்டதால் அப்பருவமே 'டர்னிப் குளிர்காலம்' எனப் பெயர் பெற்றது. ஆனால் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கைதிகளுக்கு வீடுகளிலிருந்து உணவுப் பொதிகள் வந்தன.

இச்சூழலை ழான் ரெனுவார் 1937ஆம் ஆண்டில் இயக்கிய 'லா கிராண்ட் இல்யூசியோன்' நுட்பமாகப் பயன்படுத்துகிறது. முகாமில் பிரெஞ்சு அதிகாரிகள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த யூதரான ரோசெந்தாலுக்கு வந்த பொதியைப் பகிர்ந்துண்கின்றனர். காவலர்களுக்குக் கிடைப்பதைவிட மேலான உணவு கைதிகளுக்குக் கிடைக்கிறது. உண்ணும்போது பாரிசு உணவகங்களைப் பற்றிய பேச்சு எழுகிறது. உயர்குடியினரான புவால்தியூ அறிந்த உணவகம் ஒன்று. தொழிலாளர் வகுப்பினரான மாரெஷால் விரும்பும் இடம் வேறு. பள்ளி ஆசிரியரோ பாரிசு சென்றால் மைத்துனர் வீட்டில் உண்பவர். ஒரே மேசை, ஒரே உணவு. ஆனால் அவர்களின் நினைவில் உள்ள மேசைகள் வேறுவேறு. போர் வகுப்பு வேறுபாட்டைத் தற்காலிகமாக மூடியுள்ளதே தவிர அழிக்கவில்லை என்பதை உரையாடலின் இயல்பான போக்கில் ரெனுவார் புலப்படுத்துகிறார்.

திரைப்படத் தொடக்கத்தில், தாம் சுட்டு வீழ்த்திய பிரெஞ்சு விமானிகளைச் செருமானிய அதிகாரி ரவுஃபென்ஸ்டைன் தம் உணவறைக்கு அழைத்து விருந்தளிக்கிறார். கையில் காயமுற்ற மாரெஷாலால் இறைச்சியை வெட்ட இயலவில்லை. அருகிலிருந்த செருமானியர் அதனை வெட்டித் தருகிறார். இருவரும் பிரான்சில் இயந்திரத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள் என்பது அப்போது தெரியவருகிறது. பகைவனின் உணவை வெட்டித் தரும் கை, நாடுகளுக்கு இடையிலான எல்லையைவிடத் தொழிலின் உறவு நெருங்கியது என்பதைக் காட்டுகிறது.

இதன் மறுமுனை திரைப்படத்தின் இறுதிப் பகுதியில் வருகிறது. தப்பிச் செல்லும் மாரெஷாலுக்கும் ரோசெந்தாலுக்கும் எல்சா என்னும் செருமானியக் கைம்பெண் தன் பண்ணை வீட்டில் அடைக்கலம் தந்து பாலும் உணவும் அளிக்கிறாள். அவளுடைய கணவனும் உடன்பிறந்தாரும் போரில் மாண்டவர்கள். அவர்களின் நிழற்படங்களைக் காட்டிய பின், உணவு மேசை இப்போது மிகப் பெரிதாகிவிட்டது என்னும் பொருளில் அவள் கூறுகிறாள். 150 பேருக்குச் சமைத்த அண்டாவும் எல்சாவின் மேசையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். களத்தில் மிஞ்சிய உணவு, வீட்டில் வெறுமையாகிய இருக்கை.

படிநிலை: கோட்டையின் காலையுணவு

ஸ்டான்லி கூப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957), ஹம்ஃப்ரி காப் 1935ஆம் ஆண்டில் எழுதிய புதினத்தைத் தழுவியது. 1915ஆம் ஆண்டில் சூவென் என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படையின் நான்கு கார்ப்பரல்கள் ஆணைக்குக் கீழ்ப்படியாமைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சி அப்புதினத்துக்குத் தூண்டுதலாயிற்று. பிரான்சில் இத்திரைப்படம் 1975ஆம் ஆண்டில்தான் திரையிடப்பட்டது.

வெல்ல இயலாத குன்றைத் தாக்க மறுத்தமைக்காக மூன்று வீரர்கள் மரண தண்டனை பெறுகின்றனர். தண்டனைக்கு முந்தைய இரவில் தளபதி அவர்களுக்கு வாத்து இறைச்சி விருந்து அனுப்புகிறார். களத்தில் ஒருபோதும் கிடைத்திராத உணவு அது. உணவில் ஏதேனும் கலந்திருக்கலாம் என்னும் ஐயம் எழுந்ததும் அவர்களால் அதனை உண்ண முடியவில்லை. உயிரோடு இருக்கவேண்டியவர்களாகக் கருதப்பட்டபோது கிடைக்காத நல்லுணவு, சாகவேண்டியவர்களாக ஆனபின் கிடைக்கிறது. கிடைத்தும் பயனின்றிப் போகிறது.

தண்டனை நிறைவேறிய உடனே காட்சி கோட்டைக்கு மாறுகிறது. இரு தளபதிகள் வெண்விரிப்பிட்ட மேசையில் காலையுணவு அருந்தியவாறே, வீரர்கள் இறந்த முறையைப் பாராட்டிப் பேசுகின்றனர். துப்பாக்கி வெடிக்கும் ஓசைக்கும் மேசைக்கரண்டி ஓசைக்கும் இடையில் கூப்ரிக் இடைவெளி விடவில்லை. பதுங்குகுழியின் சேறும் கோட்டையின் பளிங்குத் தளமும் திரைப்படம் முழுதும் எதிரெதிராக வைக்கப்பட்டுள்ளன. அவ்வெதிர்நிலை உச்சம் பெறுவது இக்காலையுணவில். தளபதிகள் கொடிய முகத்தோடு காட்டப்படவில்லை. நன்றாக உண்கிறார்கள், அவ்வளவே. உண்ண முடிவதே இங்குக் குற்றச்சாட்டாகிறது.

மறுப்பு: கிழங்கும் உப்பும்

பங்கீடு முற்றிலும் நின்றுபோன படையை 'நோபி' காட்டுகிறது. சமவெளியில் எரியும் தீ என்பது இச்சொல்லின் பொருள். பிலிப்பைன்சில் போரிட்டு அமெரிக்கரால் சிறைபிடிக்கப்பட்ட எழுத்தாளர் ஓகா ஷோஹெய்யின் புதினத்தைத் தழுவி இச்சிகாவா கோன் இதனை 1959ஆம் ஆண்டில் இயக்கினார்.

1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெய்ட்டே தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கிய பின் சப்பானிய வழங்கல் கப்பல்கள் தொடர்ந்து மூழ்கடிக்கப்பட்டன. போரிடும் இடத்திலேயே உணவைத் திரட்டிக்கொள்ளவேண்டும் என்பது சப்பானியப் படையின் நடைமுறை. ஏழை நிலத்தில் பெரும்படை நின்றபோது அந்நடைமுறை பட்டினிக்கு வழியாயிற்று. அவ்வரசு போரில் இழந்த படையினருள் பாதிக்கு மேற்பட்டோர் பட்டினியாலும் அதனோடு தொடர்புடைய நோய்களாலும் இறந்தனர் என வரலாற்றறிஞர் புஜிவாரா அகிரா மதிப்பிட்டுள்ளார்.

திரைப்படத்தின் தொடக்கமே உணவுக் கணக்குதான். காசநோயுற்ற வீரனான தமுராவைப் படைப்பிரிவு ஏற்க மறுக்கிறது. உணவு தேட இயலாதவனுக்கு உணவில்லை. மருத்துவமனையும் ஏற்க மறுக்கிறது. உணவு கொண்டுவராத நோயாளிக்கு இடமில்லை. சில கிழங்குகளும் ஒரு கையெறிகுண்டும் அவனிடம் உள்ளன. மருத்துவமனை தன்னை ஏற்காவிட்டால் குண்டைப் பயன்படுத்தி இறந்துபோகவேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட ஆணை. அரசு வீரனுக்குத் தரவேண்டிய கடன் இங்கு முற்றாகக் கைவிடப்படுகிறது; வீரன் தரவேண்டிய கடன் மட்டும் நிலைத்துள்ளது.

கைவிடப்பட்ட ஊரொன்றில் தமுரா ஒரு பெண்ணைச் சுட்டுக் கொல்கிறான். அங்கு அவனுக்கு உப்பு கிடைக்கிறது. அவ்வுப்பே அவனைப் பிற வீரர் குழுவில் சேர்க்கும் நுழைவுச்சீட்டாகிறது. உப்பு நாவில் பட்டதும் வீரர் முகத்தில் தோன்றும் மாற்றத்தை ஒளிப்பதிவு அருகிருந்து பதிவு செய்கிறது. பின்னர்க் 'குரங்கிறைச்சி' என்னும் சொல் வருகிறது. அது மனித இறைச்சி என்பதைப் பார்வையாளர் மெல்ல உணர்கின்றனர். பொட்டெம்கின் மருத்துவர் புழுவைப் புழு அன்று என்றார். இங்கு வீரர்கள் மனிதனைக் குரங்கு என்கின்றனர். முன்னது மேலிருந்து சொல்லப்பட்ட பொய். பின்னது உண்பவனே தனக்குச் சொல்லிக்கொள்ளும் பொய். தமுராவின் பற்கள் உதிர்வதால் அவனால் அவ்விறைச்சியை உண்ண முடிவதில்லை. அறத்தின் உறுதியை உடலின் நலிவோடு இணைத்து, இயக்குநர் எளிதான பெருமையை அவனுக்கு மறுத்துவிடுகிறார். தொலைவில் எழும் தீ உழவர்கள் பயிர்த்தாளை எரிப்பதால் உண்டாவது. இயல்பு வாழ்வை நாடி அத்தீயை நோக்கி நடக்கும் தமுரா, அங்குச் சுடப்பட்டு வீழ்கிறான்.

விடுபாடு: கணக்கில் வராதோர்

டேவிட் லீன் இயக்கிய 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957), பியர் பூலின் புதினத்தைத் தழுவியது. இதன் பாலக் காட்சிகள் இலங்கையின் கித்துல்கலையில் களனி ஆற்றின் கரையில் படமாக்கப்பட்டன. 1942-43ஆம் ஆண்டுகளில் சப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்க அமைத்த சுமார் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையே கதைக்களம்.

இத்திரைப்படத்தின் முதன்மை உணவுக் காட்சி மறுப்பால் ஆனது. முகாம் தலைவர் சைட்டோ, நெடுநாள் தனிச்சிறையில் வாடிய ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சனை அழைத்து, ஆங்கிலேய டப்பா மாட்டிறைச்சியும் விஸ்கியும் அளிக்க முன்வருகிறார். நிக்கல்சன் ஏற்கவில்லை. அதிகாரிகளை உடலுழைப்பில் ஈடுபடுத்தக் கூடாது என்னும் செனீவா உடன்படிக்கை விதியைக் காப்பதே அவர் நோக்கம். அவ்வுடன்படிக்கையின் படியை அவர் முன்னரே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியவர். சப்பான் 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தும் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும் நிக்கல்சனுக்குச் சுட்டிக்காட்ட ஒரு தாள் இருந்தது. மறுப்பதற்கு ஒரு தட்டும் இருந்தது.

வரலாற்றில் அப்பாதையில் உழைத்தவர்களுள் நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களைவிட மிகப் பெரும் எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அவர்களுள் கணிசமானோர். குறைந்த அரிசி, சிறிதளவு காய்கறி அல்லது கருவாடு என்னும் உணவு, ஊட்டக்குறையால் வரும் பெரிபெரி, 1943ஆம் ஆண்டில் பரவிய காலரா ஆகியவை முகாம்கள் அனைத்துக்கும் பொதுவாயின. ஆனால் கைதிகளிடம் அவர்தம் மருத்துவர்களும், அதிகாரிகளும், பெயர்ப் பதிவும் இருந்தன. தோட்டத் தொழிலாளரிடம் இவை எதுவும் இல்லை. கைதிகளின் இறப்பு எண்ணிக்கை ஏறக்குறையத் துல்லியமாகத் தெரியவருவதும், தொழிலாளரின் இறப்பு மதிப்பீடுகள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றுக்கொன்று மாறுபடுவதும் இவ்வேறுபாட்டின் விளைவாகும்.

லீனின் திரைப்படத்தில் இத்தொழிலாளர்கள் உண்ணும் காட்சி இல்லை. அவர்களுக்கு உணவு மறுக்கப்பட்டது என்னும் காட்சியும் இல்லை. 'நோபி' மறுப்பைக் காட்டியது. இங்கு நிகழ்வது விடுபாடு. படைவீரர் பங்கீட்டை அளவுகோலாகக் கொண்ட திரைப்பட மரபு, சீருடையற்ற உழைப்பாளரைக் காணத் தவறுவதற்கு இது தெளிவான சான்று. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களான ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அவ்வெற்றிடத்தை எழுத்தில் நிரப்ப முயன்றவை. இரண்டையும் லீனின் திரைப்படத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது தனி ஆய்வாக விரியத்தக்கது.

முடிவுரை

ஆறு திரைப்படங்களிலும் உணவுக் காட்சி கதையின் ஓய்விடமாக அமையவில்லை. எண்ணிக்கை தவறும்போது அண்டா நிறைந்து வழிகிறது. தரம் தவறும்போது தட்டு உடைகிறது. பகைவர் ஒரே மேசையில் அமரும்போது வகுப்பின் கோடுகள் புலப்படுகின்றன. தளபதியின் காலையுணவு தீர்ப்பாக மாறுகிறது. பங்கீடு நின்றபோது சொற்களே பொருள் திரிகின்றன. இறுதியாக, தட்டே இல்லாத உழைப்பாளர் காட்சிக்கு வெளியே நிற்கின்றனர்.

செஞ்சோற்றுக் கடன் என்னும் கருத்து, உண்டவன் என்ன தரவேண்டும் என்று கேட்கிறது. இத்திரைப்படங்கள் வினாவைத் திருப்பி, ஊட்டவேண்டியவர் என்ன தந்தார் என்று கேட்கின்றன. அவ்வினாவை முழுமையாக்க வேண்டுமாயின், பங்கீட்டுப் பட்டியலில் பெயர் எழுதப்பட்டவரோடு நின்றுவிடாமல், அதே பாதையில் அதே மழையில் அதே காலராவில் உழைத்து மாண்ட, எப்பட்டியலிலும் இடம்பெறாதவரையும் அது உள்ளடக்க வேண்டும். போர்த் திரைப்படங்களை ஆராய்வோர் யார் உண்கிறார்கள் என்பதோடு, யார் உண்ணும் காட்சி எடுக்கப்படவில்லை என்பதையும் கருத்தில் கொள்வது அதற்கு முதற்படியாகும்.